தாழ்வு மனப்பான்மையா, தலைக்கனமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி அனுப்பிய கேள்வி இது. அவருடைய தம்பிக்கு 26 வயது. தொழிலில் கெட்டிக்காரர், அப்பாவுக்குப் பிறகு பட்டறையை ஏற்று நடத்துகிறார். ஆனால் செய்த உருப்படியில் ஒரு குறை இருப்பதாகக் கடைக்காரரோ வேலையாளோ சொல்லிவிட்டால் ஆத்திரம் தலைக்கேறிவிடுகிறது. சென்ற மாதம், அப்பா காலத்திலிருந்தே வேலை செய்துவரும் பெரியவர் ஒருவரை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டார். “உள்ளுக்குள் தாழ்வு மனப்பான்மை, பாராட்டிப் பேசித் தன்னம்பிக்கையை வளர்த்தால் சரியாகிவிடும்” என்கிறார் உறவில் உள்ள ஓர் ஆசிரியை. “தாழ்வு மனப்பான்மையாவது ஒன்றாவது! தலைக்கனம். நாலு பேர் முன்னால் வைத்து நறுக்கென்று கேட்டால்தான் அடங்குவான்” என்கிறார் பெரியப்பா. இருவரில் யார் சொல்வது சரி என்று சகோதரி கேட்கிறார்.

சேலத்தில் நீண்ட காலம் உளவியல் கற்பித்தவன் என்ற முறையிலும், இதே ஊரின் பட்டறைகளிலிருந்தும் தறிக்கூடங்களிலிருந்தும் இதே கதையைப் பலமுறை கேட்டவன் என்ற முறையிலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆசிரியையும் பெரியப்பாவும் எதிரெதிராகப் பேசுவதுபோலத் தோன்றினாலும், இருவரும் அளந்து பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தப் பையன் தன்னைப் பற்றி எவ்வளவு உயர்வாக நினைக்கிறான்? ஒருவர் குறைவு என்கிறார், மற்றவர் அதிகம் என்கிறார். என் கணிப்பில், அந்த நினைப்பின் அளவைவிட, அது எதன்மேல் நிற்கிறது, யாருடைய வாயால் அது அன்றாடம் உறுதிப்பட வேண்டியிருக்கிறது என்பதே கோபத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

தாழ்வு மனப்பான்மையே வன்முறைக்கு வேர் என்ற கருத்து நீண்ட காலம் கேள்வியின்றி ஏற்கப்பட்டிருந்தது. 1986இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், மக்களின் சுயமதிப்பை உயர்த்தினால் குற்றமும் போதைப் பழக்கமும் குறையும் என்று நம்பி, அதற்கென ஓர் அரசுக் குழுவையே அமைத்தது. பத்தாண்டுகள் கழித்து, 1996இல், ராய் பௌமைஸ்டர் என்ற உளவியலாளர் இருவரோடு சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரை அந்த நம்பிக்கையை உலுக்கியது. கொலையாளிகள், மனைவியை அடிப்பவர்கள், தெருச் சண்டைக்காரர்கள் ஆகியோரைப் பற்றிக் கிடைத்த சான்றுகளைத் தொகுத்துப் பார்த்த அவர்கள், இவர்களில் பலர் தங்களைத் தாழ்வாக நினைப்பவர்கள் அல்லர் என்றும், தங்களைப் பற்றி மிக உயர்ந்த எண்ணம் கொண்டிருந்து அந்த எண்ணத்தை ஒருவர் தொட்டுவிடும்போது பாய்பவர்கள் என்றும் வாதிட்டார்கள்.

இதைச் சோதனைக்கூடத்தில் பார்க்க 1998இல் பிராட் புஷ்மனும் பௌமைஸ்டரும் செய்த ஆய்வு, உங்கள் பட்டறையில் நடந்ததற்கு வியக்கத்தக்க வகையில் அருகில் இருக்கிறது. 540 கல்லூரி மாணவர்கள் பங்கேற்ற அந்த ஆய்வில் ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பக்கத்து அறையில் இருக்கும் இன்னொரு மாணவர் அதைத் திருத்துவதாகச் சொல்லப்பட்டது. சிலருக்கு நல்ல மதிப்பெண்ணும் பாராட்டும் திரும்பி வந்தன. சிலருக்கு மிகக் குறைந்த மதிப்பெண்களோடு, தான் படித்ததிலேயே மிக மோசமான கட்டுரைகளில் ஒன்று என்ற குறிப்பு வந்தது. பிறகு இருவருக்கும் இடையே ஒரு போட்டி. வென்றவர், தோற்றவரின் காதில் பேரிரைச்சலைச் செலுத்தலாம். எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பதை அவரே முடிவு செய்யலாம். யார் அதிகச் சத்தம் வைத்தார்கள்? சாதாரண சுயமதிப்பு அளவுகோலில் உயர்வாகவோ தாழ்வாகவோ மதிப்பெண் பெற்றவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நார்சிசம் எனப்படும் பண்பு, அதாவது தான் மற்றவர்களைவிடச் சிறப்பானவன், தனக்குத் தனி மரியாதை தரப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, யாரிடம் மிகுந்திருந்ததோ, அவமதிக்கப்பட்டபோது அவர்களே மிகக் கடுமையாகத் திருப்பித் தாக்கினார்கள். அவர்களும்கூட, தங்களை இகழாத மூன்றாம் ஆள்மீது அப்படிப் பாயவில்லை. கோபம் குருட்டுத்தனமாக வெடிக்கவில்லை, இகழ்ந்தவரையே தேடிப் போனது.

இத்தோடு நிறுத்தினால் பெரியப்பா வென்றுவிடுவார். ஆனால் 2005இல் பிரெண்ட் டானெல்லனும் உடன் ஆய்வாளர்களும், நியூசிலாந்தில் பிறந்தது முதல் பின்தொடரப்பட்டுவரும் டனிடின் நகரக் குழந்தைகளின் தரவு உள்ளிட்ட சான்றுகளைக் கொண்டு, குறைந்த சுயமதிப்பு உள்ள இளையோரிடமும் அடிதடியும் விதிமீறலும் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். ஆகவே ஆசிரியையின் பேச்சும் ஆதாரமற்றதன்று. ஒன்று இன்னொன்றை முறியடித்துவிட்டது என்று நான் கருதவில்லை. தன்னை மதிப்பதும் தன்னை மற்றவருக்கு மேலே வைப்பதும் வெவ்வேறு. ஒரே மனிதரிடம் முதலாவது குறைவாகவும் இரண்டாவது அதிகமாகவும் இருக்க முடியும். தனிமையில் தன்மேல் நம்பிக்கை இல்லாமல் உழன்றுவிட்டு, ஆட்கள் முன்னால் முதலாளி என்ற மிடுக்கோடு நிற்பவர்களை இந்த ஊரிலேயே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 437 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,23,043 பேரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. நார்சிசத்துக்கும் வன்செயலுக்கும் இடையே தெளிவான தொடர்பு இருப்பதும், சீண்டப்படும்போது அது வலுப்பதும் அதில் தெரிந்தன. ஆனால் அந்தத் தொடர்பு மிதமானதே. தலைக்கனம் உள்ள எல்லோரும் கை நீட்டுவதில்லை.

உங்கள் தம்பியின் நிலைக்கு மிக நெருக்கமாக எனக்குப் படுவது மைக்கேல் கெர்னிஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வு. அவர் சுயமதிப்பை ஒரு முறை அளந்ததோடு விடாமல், சில நாள்கள் திரும்பத் திரும்ப அளந்தார். சிலருடைய மதிப்பு உயர்ந்தே இருந்தது, அசையவும் இல்லை. சிலருக்கு அதே அளவு உயர்ந்திருந்தும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஏறி இறங்கியது. கோபமும் பகையுணர்வும் மிகக் குறைவாக இருந்தது முதல் வகையினரிடம். மிக அதிகமாக இருந்தது இரண்டாம் வகையினரிடம். சுயமதிப்பு தாழ்ந்தவர்கள் நடுவில் நின்றார்கள். வெளியிலிருந்து பார்க்க முதல் இரு வகையினரும் ஒன்றுபோலவே தெரிவார்கள் என்பதுதான் சிக்கல். உங்கள் தம்பி அப்பாவின் பட்டறையை ஏற்றவர். பழைய ஆட்கள் ஒவ்வொருவரும் அவரை அப்பாவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்தால், ஒவ்வொரு உருப்படியும் அவருக்குத் தேர்வுத்தாளாகவே இருக்கும்.

ஏற்காடு மலைப்பாதையில் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மே மாதம், கோடை விழாக் கூட்டம். சேலத்திலிருந்து ஏறிய பேருந்தில் நான் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் கடந்த நிலையில், ஒரு வளைவில் இறங்கிவந்த கார் உள்பக்கமாக நுழைந்து, பேருந்துக்கு நேர் எதிரே நின்றுவிட்டது. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. நடத்துநர் படியில் நின்றபடியே, “ஏறுற வண்டிக்கு வழி விடணும்னுகூடத் தெரியாதா? பின்னால எடுங்க” என்று உரக்கக் கத்தினார். காரை ஓட்டிய இளைஞருக்கு முப்பது வயது இருக்கும். பக்கத்தில் மனைவி, பின்னால் அவருடைய பெற்றோர். கத்தல் கேட்டதும் அவர் முதலில் பார்த்தது நடத்துநரை அல்ல. கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தார். அடுத்த கணம் கதவைத் திறந்து இறங்கி, “யாரைப் பார்த்து என்ன பேசற?” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். பேருந்தில் இருந்தவர்களும் சத்தம் போட, அவருடைய குரல் இன்னும் உயர்ந்தது.

அப்போது எங்கள் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். ஐம்பதைக் கடந்தவர். இளைஞரின் அருகில் போய், பேருந்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினார். முன்னிருக்கையில் இருந்ததால் எனக்கு மட்டும் அரைகுறையாகக் காதில் விழுந்தது. “தம்பி, இந்த வளைவு எங்களுக்கே சிரமம். நான் கை காட்டறேன், நீங்க மெதுவா எடுங்க, சைடு நான் பார்த்துக்கறேன்.” இளைஞர் ஒரு நொடி நின்றார், பிறகு காரில் ஏறிப் பத்தடி பின்னால் எடுத்தார். விதி மாறவில்லை, வழிவிட்டவரும் மாறவில்லை. வழிவிடுவதைத் தோல்வியாக ஆக்கிய கத்தலின் இடத்தில், வழிவிடுவதை இருவர் சேர்ந்து செய்யும் வேலையாக ஆக்கிய ஒரு பேச்சு வந்தது, அவ்வளவுதான்.

ரிச்சர்ட் ஃபெல்சன் என்ற சமூகவியலாளர் 1982இல் எழுதியது இதைப் பற்றித்தான். ஒருவர் இகழ்ந்துவிட்டால், இகழப்பட்டவரின் முகம், அதாவது நாலு பேர் நடுவில் அவருக்கு இருக்கும் தோற்றம், பாதிக்கப்படுகிறது. அதை மீட்கத் திருப்பித் தாக்குகிறார். பார்க்க ஆள் இருந்தால் சண்டை முற்றுகிறது. நம் வழக்கில் மானம், ரோஷம், கௌரவம் என்று இதற்கு எத்தனை சொற்கள்! அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டவ் கோஹனும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் 1996இல் வெளியிட்ட சோதனையில், தாழ்வாரத்தில் வேண்டுமென்றே இடித்துத் திட்டப்பட்ட மாணவர்களில், மானத்துக்காக மல்லுக்கட்டுவதை ஆண்மையாகக் கருதும் தென்மாநிலங்களில் வளர்ந்தவர்களுக்கு உடலில் மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால், போட்டி மனப்பான்மையோடு தொடர்புடைய டெஸ்டோஸ்டிரோன் ஆகிய சுரப்புகள் கூடின. வடமாநிலத்தவரிடம் அவ்வாறு கூடவில்லை. ஆகவே கோபத்தைத் தனி மனிதரின் குணம் என்று மட்டும் எழுதிவிட முடியாது. “வாங்கிட்டு வந்துட்டானா, திருப்பிக் குடுத்தானா” என்று கேட்கும் ஊரும் அதில் பங்குதாரர்.

ஆளுமையின் பங்கு என்ன என்பதற்கு வருகிறேன். இயல்பிலேயே இணங்கிப் போகும் தன்மை குறைந்தவர்களும், மனம் எளிதில் கலங்குபவர்களும் கூடுதலாகச் சண்டையிடுகிறார்கள் என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்ட முடிவு. ஆன் பெட்டன்கோர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் செய்த தொகுப்பாய்வு இதில் ஒரு நுட்பமான பிரிவைக் காட்டியது. சிலர் சீண்டினாலும் சீண்டாவிட்டாலும் தாக்கும் இயல்புடையவர்கள். முன்கோபிகளும் நார்சிசம் மிக்கவர்களும் அப்படி அல்லர். சீண்டாதவரை அவர்கள் மற்றவர்களைப் போலவே இருக்கிறார்கள். உங்கள் தம்பி தங்கமானவர், பண்டிகைக்கு வேலையாட்களுக்குத் தாராளமாகக் கொடுப்பவர் என்று நீங்கள் எழுதியிருப்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனாலேயே வீட்டார் அவருடைய கோபத்தை “எப்போதாவது வருவது” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எப்போது வருகிறது என்று எண்ணாமல், எதைத் தொட்டால் வருகிறது என்று குறித்துவையுங்கள். பணத்தை இழந்தபோது வருகிறதா, பசியில் வருகிறதா, அல்லது திறமையைச் சந்தேகித்தபோது மட்டும் வருகிறதா? நீங்கள் எழுதிய மூன்று சம்பவங்களும் மூன்றாவது வகை.

இன்னொரு கண்ணி இருக்கிறது, அது அடி விழுவதற்கு முந்தைய சில நொடிகளில் நடப்பது. கென்னத் டாட்ஜ் 1980இல் பள்ளிச் சிறுவர்களிடம் ஒரு சோதனை செய்தார். சிறுவன் பொருத்திக்கொண்டிருந்த படப்புதிரை, முகம் தெரியாத இன்னொரு சிறுவன் குலைத்துவிட்டதாக அவனை நம்பவைத்தார். வேண்டுமென்றே குலைத்தது தெளிவாகத் தெரிந்தபோதும், தற்செயல் என்று தெளிவாகத் தெரிந்தபோதும், முரட்டுச் சிறுவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். வேறுபாடு தெரிந்தது, எண்ணம் என்னவென்று புரியாத நிலையில்தான். முரட்டுச் சிறுவர்கள் அதைப் பகைமையாகவே எடுத்துக்கொண்டார்கள். “கண்ணி ஒண்ணு விட்டிருக்குதுங்க” என்று வேலையாள் சொல்வது கண்ணியைப் பற்றிய செய்தியா, முதலாளியைப் பற்றிய தீர்ப்பா? சொல்பவருக்கு முதலாவது. தன் மதிப்பு நாள்தோறும் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இரண்டாவதாகத்தான் அது காதில் விழும். அவர் பொய்யாகக் கோபப்படவில்லை. உண்மையிலேயே அவமானப்பட்டதாக உணர்கிறார். தவறு அந்த உணர்ச்சியில் இல்லை, கேட்ட சொல்லை அவர் மனம் மொழிபெயர்த்த விதத்தில் இருக்கிறது.

இதனால்தான் பெரியப்பாவின் மருந்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டால் அடங்குவார், அன்றைக்கு. வெட்கத்துக்கும் குற்றவுணர்ச்சிக்கும் இடையே ஜூன் டாங்னி என்ற உளவியலாளர் காட்டிய வேறுபாட்டை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். “நான் செய்தது தவறு” என்பவர் செய்ததைச் சரிசெய்யப் பார்க்கிறார். “நான் கேவலமானவன்” என்று கூனிக் குறுகுபவர் அந்த வேதனையைத் தாங்க முடியாமல் பழியை வெளியே வீசுகிறார். வெட்கத்துக்கு எளிதில் ஆளாகிறவர்களிடம் கோபமும் பிறரைக் குறைகூறும் போக்கும் மிகுந்திருப்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. ஊர்கூட்டி அவமானப்படுத்தினால், பெரியப்பாவிடம் காட்ட முடியாத ஆத்திரத்தை அவர் எங்கே காட்டுவார்? எளியவரிடம். மனைவியிடம், கூலிக்கு வேலை செய்யும் பையனிடம்.

ஆசிரியையின் மருந்து இனிப்பானது என்பதால் அதன் பக்கவிளைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. நெதர்லாந்தில் 7 முதல் 11 வயது வரையிலான 565 குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் தொடர்ந்து கவனித்து, எட்டி பிரம்மெல்மனும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். “என் பிள்ளை மற்ற பிள்ளைகளைவிட ஒசத்தி” என்று பெற்றோர் நினைத்த குழந்தைகளிடம் பின்னர் நார்சிசம் கூடியது; பெற்றோரின் பாசத்தை உணர்ந்த குழந்தைகளிடம் சுயமதிப்பு கூடியது. பாராட்டும் பாசமும் நமக்கு ஒன்றாகத் தெரிகின்றன, பிள்ளையின் மனத்தில் அவை வேறு வேறு இடத்தில் போய் உட்காருகின்றன. “உன்னைப்போல் வேலைக்காரன் சேலத்திலேயே இல்லை” என்று தம்பியிடம் சொல்லச் சொல்ல, குறை சொல்லும் அடுத்த ஆள் அவருக்கு இன்னும் பெரிய எதிரியாவார்.

அவருக்கு உதவக்கூடியது வேறு. 2009இல் சாண்டர் தோமாஸ் குழுவினர் வளரிளம் பருவத்தினரிடம், தங்களுக்கு வாழ்க்கையில் முக்கியமானது எது, ஏன் முக்கியம் என்று ஒரு சிறு பத்தி எழுதச் சொன்னார்கள். நட்பாக இருக்கலாம், குடும்பமாக இருக்கலாம், இசையாக இருக்கலாம். சுயமதிப்பு அடிபட்ட வாரத்திலும், அதை எழுதியவர்களில் நார்சிசம் மிக்கவர்கள் வழக்கம்போல் தாக்கவில்லை. அதன் விளைவு ஒரு வாரம்தான் பார்க்கப்பட்டது, அதைப் பெரிதுபடுத்தக் கூடாது. இருந்தாலும் வழி தெரிகிறது: பட்டறை ஒன்றின்மேல் மட்டுமே முழு மதிப்பையும் ஏற்றிவைத்திருப்பவருக்கு, நிற்க இன்னோர் இடம் வேண்டும். உங்கள் தம்பி முன்பு சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்த கபடிக் குழுவை விட்டுவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

கோபத்தை எதன்மேலாவது கொட்டித் தீர்த்துவிடட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புஷ்மன் 2002இல் 600 மாணவர்களைக் கோபப்படுத்திவிட்டுச் செய்த சோதனையில், கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துமூட்டையைக் குத்தியவர்கள்தான் அதிகக் கோபத்தோடும் அதிக ஆக்ரோஷத்தோடும் இருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் தணிந்திருந்தார்கள். மது அருந்தினால், அது எதிரே இருக்கும் சீண்டலை மட்டும் பெரிதாகக் காட்டி, பின்விளைவை மறைத்துவிடும். ஆகவே குடிப்பழக்கம் இருந்தால் அதை முதலில் கவனியுங்கள்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முதலில், தள்ளிவிடப்பட்ட பெரியவர். தம்பியைப் புரிந்துகொள்வது என்ற பெயரில் அவரை மறந்துவிடக் கூடாது. காரணம் விளங்கிவிட்டதாலேயே செயல் சரியாகிவிடாது. தம்பி தனியாக அவர் வீட்டுக்குப் போய், “நான் கை வைத்தது தப்புங்க” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும். “நீங்கள் அப்படிச் சொன்னதால்தான்” என்ற ஒட்டு வேண்டாம். அந்த இடத்தில் வேறு யாரும் இருக்க வேண்டாம். ஆனால் தள்ளியது எல்லோர் முன்னாலும் என்பதால், இனிப் பட்டறையில் யார்மேலும் கை வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும். அதைத் தம்பியே சொன்னால் நல்லது.

அடுத்து, குறை சொல்லும் முறையை மாற்றுங்கள். உருப்படிகளைச் சரிபார்க்க மாலையில் ஒரு நேரம் குறித்து, மெருகுக்குப் போகும் முன்பே தம்பியும் அந்தப் பெரியவரும் தனியாக உட்கார்ந்து பார்க்கட்டும். குறை கண்டுபிடிப்பது அந்த நேரத்தின் வேலை என்று முன்பே தெரிந்திருந்தால், அது அவமானமாகக் காதில் விழுவது குறையும். மலைப்பாதையில் அந்த ஓட்டுநர் செய்ததும் இதுதான். தம்பியைத் தனியே பார்த்துப் பேசும்போது “உனக்குக் கோபம் அதிகம்” என்று குணத்தைத் தொடாதீர்கள், “அன்றைக்கு அவரைத் தள்ளினாய், அவர் கீழே விழுந்திருந்தால்?” என்று நடந்ததைத் தொடுங்கள்.

வீட்டிலும் கை நீள்கிறது, பொருள்கள் உடைகின்றன, மிரட்டல் வருகிறது என்றால் இந்த வழிகளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவை) எண்ணில் தமிழிலேயே பேசலாம்; சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இயங்குகிறது. தூக்கமின்மையும் மனச்சோர்வும்கூட ஆண்களிடம் எரிச்சலாக வெளிப்படும். அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

அவர் மாறுவாரா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஆக்ரோஷ இயல்பு ஆண்டுகள் கடந்தும் பெரிதாக மாறாமல் நீடிக்கிறது என்று டான் ஓல்வியஸ் 1979லேயே காட்டிவிட்டார். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் 92 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்த பிரெண்ட் ராபர்ட்ஸ் குழுவினர், ஆளுமை மிகுதியாக மாறுவது இருபது முதல் நாற்பது வயதுக்குள் என்றும், பொறுப்புணர்வும் மன அமைதியும் அந்த வயதில் கூடுகின்றன என்றும் 2006இல் எழுதினார்கள். உங்கள் தம்பிக்கு 26. கோபமே வராத நாளை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். பட்டறையில் யாராவது “இந்தக் கண்ணி விட்டிருக்குதுங்க” என்று சொல்லும்போது அவருடைய கண் எங்கே போகிறது என்று பாருங்கள்: சொன்னவரின் முகத்துக்கா, கையில் இருக்கும் கொலுசுக்கா?